மீண்டும் எழுதுவதா?

விடாமுயற்சி ஒரு நற்பண்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மேடைகளில் அதைப் புகழ்கிறோம்; பள்ளி ஆண்டு விழாக்களில் அதற்கு எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறோம். ஆனால் எதை விடாமல் முயல்வது, எதுவரை முயல்வது, யார் தோளின்மீது நின்று முயல்வது என்னும் வினாக்களை நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய வேளை வரும்போது தேர்வு முடிவு வந்திருக்கும். தாய் ஒரு மூலையிலும் பிள்ளை ஒரு மூலையிலும் அமர்ந்திருப்பார்கள். அமைதியாக எண்ணிப் பார்க்கும் நிலையில் அந்த வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே அவ்வினாக்களை முன்கூட்டியே ஆற அமரச் சிந்திப்பது நலம்.

மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளுக்குரிய நுழைவுத் தேர்வை மறுமுறை எழுதுவது பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். குறிப்பாகப் பல் மருத்துவத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மறுமுறை எழுதுதல் என்னும் செயலின் இரு முகங்களையும் அது காட்டுகிறது. பல் மருத்துவ இடம் கிடைக்காததால் மீண்டும் எழுதுவோர் உளர். பல் மருத்துவ இடம் கிடைத்துவிட்டதாலேயே மீண்டும் எழுதுவோரும் உளர். வெளிப்பார்வைக்கு இருவர் செயலும் ஒன்றே. உள்ளே நிகழ்வது ஒன்றுதானா என்பதே வினா.

வேலி இல்லாத நிலம்

தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984-இல் வந்தது, 2007-இல் நீங்கியது. அதன்பின் பத்தாண்டுகள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே மாணவரின் இடத்தை முடிவு செய்தது. 2017 முதல் ‘நீட்’ என்னும் நாடு தழுவிய தேர்வு அந்த இடத்தைப் பிடித்தது. பல் மருத்துவத்திற்கும் அதுவே வாயில். மறுமுறை எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1980-களிலும் 1990-களிலும் மேல்நிலைத் தேர்வை மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்த முயன்ற பிள்ளைகளை நாம் அறிவோம். ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்னும் சொல் அன்று பல வீடுகளில் ஒலித்தது. ஆனால் அன்று சிலர் சென்ற ஒற்றையடிப் பாதை இன்று பெருவழியாகிவிட்டது. நீதியரசர் ஏ. கே. ராஜன் தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு 2021-இல் அளித்த அறிக்கையை நோக்குவோம். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுள் மறுமுறை எழுதி வந்தோர் 2016-17-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர். 2020-21-இல் 71 பேர். முதல் முறையிலேயே இடம் பெறுவது விதிவிலக்காகவும், ஓராண்டை ஈடு வைத்தபின் பெறுவதே விதியாகவும் மாறியிருப்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

2025-ஆம் ஆண்டுத் தேர்வை எழுதியோர் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தகுதி பெற்றோர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடு முழுவதிலும் உள்ள மருத்துவ இடங்கள் ஏறக்குறைய 1.2 இலட்சம், பல் மருத்துவ இடங்கள் 30,000-க்கும் குறைவு. ‘தகுதி பெற்றார்’ என்று செய்தி வந்தவுடன் இனிப்பு வழங்கும் பெற்றோர், தகுதி வேறு, இடம் வேறு என்பதைப் பின்னரே உணர்கின்றனர். அவ்வேறுபாட்டுக்குள்தான் மறுமுறை எழுதும் ஆசை முளைக்கிறது.

அமெரிக்காவின் பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வில் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே கட்டாய இடைவெளி உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டுத் தேர்வில் 2025 வரையில் முயற்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கப்படவில்லை. உச்ச வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டது. இது மாணவருக்கு அளிக்கப்பட்ட உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலி இல்லாத நிலத்தில் எல்லையை அவரவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உரிமை உண்டா என்பது சட்டத்தின் வினா. தகுமா என்பது மனச்சான்றின் வினா.

விடாமுயற்சியும் பிடிவாதமும்

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விடாமுயற்சியை ஆராயும்போது, அதற்கு ஒரு பகை அல்ல, இரு பகைகள் உள என்கிறார். ஒன்று தளர்ச்சி: சிறிது துன்பம் வந்ததும் நன்மையைக் கைவிடுவது. மற்றொன்று பிடிவாதம்: விட வேண்டிய பின்னும் விடாதிருப்பது. நம் ஊர்களில் முதல் பகையை மட்டுமே நாம் அறிவோம். இரண்டாவதைப் பல வேளைகளில் நற்பண்பென்றே எண்ணிவிடுகிறோம். அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே சென்று, பிடிவாதத்தை வீண்பெருமையின் பிள்ளைகளுள் ஒன்றாக வைக்கிறார். பிடிவாதக்காரர் வெற்றி பெறுவதிலேயே இன்பம் காண்கிறார் என்று அரிஸ்டாட்டிலும் முன்னரே கண்டு சொல்லியிருக்கிறார். அஃதாவது, நன்மையின்மீது கொண்ட அன்பு ஒருவரை நிலைநிறுத்தினால் அது விடாமுயற்சி. தோற்றுவிட்டதாகப் பிறர் சொல்வார்களே என்னும் அச்சம் நிலைநிறுத்தினால் அது பிடிவாதம்.

திருக்குறளின் அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. தளரா உழைப்பைப் போற்றும் ‘ஆள்வினை உடைமை’ அறுபத்திரண்டாம் அதிகாரம். அதற்கு வெகு முன்னரே, நாற்பத்தேழு முதல் ஐம்பது வரை, ‘தெரிந்து செயல்வகை’, ‘வலியறிதல்’, ‘காலமறிதல்’, ‘இடனறிதல்’ என நான்கு அதிகாரங்கள் நிற்கின்றன. முதலில் ஆராய்ச்சி, வலிமையும் காலமும் இடமும் அறிதல், பிறகே தளரா உழைப்பு. நாமோ அந்த நான்கையும் தாண்டிக் குதித்து, உழைப்பைப் பற்றி மட்டும் பிள்ளைகளுக்குப் பேசுகிறோம்.

எதிர்நோக்கு என்பது என்ன என்பதற்கும் அக்குவினாஸ் ஓர் இலக்கணம் தருகிறார். எதிர்நோக்கின் பொருள் நன்மையானதாக, வருங்காலத்ததாக, அரியதாக, ஆயினும் இயலக்கூடியதாக இருத்தல் வேண்டும். தேர்வு வருங்காலத்தது என்பதும் அரியது என்பதும் வெளிப்படை. எஞ்சிய இரண்டையே நாம் ஆராய வேண்டும். அது நன்மையானதா? அது இயலுமா?

அது நன்மையானதா?

இருவரை எண்ணிக்கொள்வோம். ஒரு மாணவி பல் மருத்துவம் படிக்க விரும்பினாள். சில மதிப்பெண்களால் இடத்தை இழந்தாள். ஒரு மாணவன் மருத்துவம் வேண்டினான். பல் மருத்துவ இடமே கிடைத்தது. இருவரும் மீண்டும் எழுத விரும்புகின்றனர்.

மாணவி ஒரு பணியை விரும்புகிறாள். அப்பணி என்ன என்று அறிந்து விரும்பினால், அவள் விருப்பம் மதிக்கத்தக்கது. பல் மருத்துவம் நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. முதலாண்டு மாணவர் மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் செதுக்கப் பழகுகிறார். வெட்டுப்பல்லின் விளிம்பு, கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளம் என அளவு பிசகாமல் செதுக்க வேண்டும். பிசகினால் புதிய மெழுகில் மீண்டும் தொடங்க வேண்டும். அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வில் ஒரு காலத்தில் சுண்ணக்கட்டியைச் செதுக்கிக் காட்டும் பகுதியே இருந்தது; கனடாவில் சோப்புக்கட்டியைச் செதுக்கும் பகுதி நெடுங்காலம் இருந்தது. கையின் பொறுமையையும் கண்ணின் அளவையும் அறிய அவர்கள் செய்த முயற்சி அது. நம் தேர்வு கையைப் பார்ப்பதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாக்களின் விடைகளை மட்டுமே பார்க்கிறது. எனவே அதில் சில மதிப்பெண் குறைந்ததால் அம்மாணவி நல்ல பல் மருத்துவராகமாட்டாள் என்று எவரும் சொல்ல முடியாது. அவள் மீண்டும் எழுத நினைப்பதில் குற்றம் காண நம்மால் இயலாது.

மாணவனின் நிலை சற்றுச் சிக்கலானது. அவனும் உண்மையாகவே மருத்துவத்தின் ஒரு துறையில், அறுவையிலோ குழந்தை மருத்துவத்திலோ, மனம் பற்றியிருக்கலாம். அவ்வாறாயின் அவன் மீண்டும் எழுதுவதும் நியாயமே. ஆனால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு வேறு. “பல் டாக்டர்தானா?” என்று ஓர் உறவினர் திருமண வீட்டில் கேட்ட ஒரு சொல், ஓராண்டை விழுங்கிவிடுவதைக் காண்கிறோம். அந்தத் ‘தானா’ என்னும் ஒலிக்குள் இருப்பது நோயுற்றோர்மீது இரக்கமன்று, பெயர்ப்பலகையின்மீது ஆசை. உலகில் வாய்ப் புற்றுநோயாளர் மிகுந்துள்ள நாடுகளுள் நம் நாடு முன்னணியில் நிற்கிறது. புகையிலையை மென்று பழகிய ஒரு தொழிலாளியின் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவரே. அவர் அன்று கூர்ந்து பார்த்தால் ஓர் உயிர் பிழைக்கிறது. ஒரு குடும்பம் பிழைக்கிறது. இப்பணியைத் தோற்றவர்க்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசென்று எண்ணுவது பணியையும் இழிவு செய்கிறது. நோயாளியையும் இழிவு செய்கிறது.

இங்கு இன்னொரு கடமையும் உண்டு. இடத்தைப் பெற்றுக்கொண்டு, கல்லூரியில் பெயரை வைத்துக்கொண்டு, அடுத்த தேர்வுக்குப் படித்துப் பின் விலகிச் செல்வோர் உளர். சேர்க்கைக்குரிய இறுதி நாள் கடந்தபின் காலியாகும் இடம் பிறருக்குப் போய்ச் சேர்வதில்லை. பட்டியலில் அடுத்துநின்ற, நாம் முகமறியாத ஒரு பிள்ளை அந்த இடத்தை இழக்கிறது. நாம் விரும்பியதைத் தேடும் உரிமை நமக்கு உண்டு. நமக்கு வேண்டாததை அடுத்தவர்க்குக் கிடைக்காமல் செய்யும் உரிமை இல்லை. ஏற்பதாயின் மனமுவந்து ஏற்க வேண்டும். மறுப்பதாயின் உரிய காலத்தில் மறுக்க வேண்டும்.

அது இயலுமா?

அடுத்த வினா இன்னும் கடினமானது. ஏனெனில் இதற்கு விடை சொல்ல ஆசை உதவாது; கணக்கே உதவும். 2025-இல் இத்தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் 90 வினாக்கள். இயற்பியலிலும் வேதியியலிலும் 45 வீதம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று குறையும். விட்டுவிட்ட வினாவுக்கு இழப்புமில்லை, பெறுவதுமில்லை. வினாவுக்கு ஒரு நிமிடம் என்றாலும், உயிரியலை விரைந்து முடிப்பவரே இயற்பியற் கணக்குகளுக்கு வேண்டிய நேரத்தை ஈட்டுகிறார்.

எனவே மீண்டும் எழுத எண்ணுபவர் முதலில் செய்ய வேண்டியது புதிய நூல்கள் வாங்குவதன்று. பழைய தேர்வை மீண்டும் திறந்து பார்ப்பதே. இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றும் எங்கே போயிற்று? பாடம் தெரியாமல் போனதா? தெரிந்தும் வினாவைத் தவறாகப் படித்ததால் போனதா? நேரம் போதாமல் போனதா? தெரியாததைத் தெரிந்ததாக எண்ணித் துணிந்ததால் போனதா? இந்நான்கும் நான்கு வேறு நோய்கள்; ஒரே மருந்து இவற்றைத் தீர்க்காது. பாடம் தெரியாதவருக்கு ஆசிரியர் வேண்டும்; நேரம் போதாதவருக்குக் கடிகாரத்தை வைத்துப் பழகும் பயிற்சி வேண்டும்; துணிந்து தவறியவருக்குத் தன்னடக்கம் வேண்டும். தவறுகளை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு, விலை உயர்ந்த பயிற்சி நிலையத்தைவிடச் சிலருக்கு அதிகம் உதவும். நோயை அறியாமல் சென்ற ஆண்டின் பாடத்தையே சென்ற ஆண்டைப் போலவே மீண்டும் படிப்பவர் தேர்வை மறுமுறை எழுதவில்லை. தோல்வியையே மறுமுறை எழுதுகிறார்.

இவ்வாறு ஆராய்ந்தபின், குறை தீர்க்கத்தக்கது என்று தெரிந்தால், எதிர்நோக்குக்கு அடிப்படை உண்டு. ஆராய மறுத்து, ‘இம்முறை எப்படியும் கிடைத்துவிடும்’ என்று மட்டும் சொல்லிக்கொள்வது துணிச்சல்போலத் தோன்றும் மயக்கம். ஆராயாமலே ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குவதும் அடக்கம்போலத் தோன்றும் மயக்கமே. இரண்டும் உண்மையை எதிர்கொள்ள அஞ்சுகின்றன.

யாருடைய ஆண்டு?

பதினெட்டு வயதில் ஓராண்டு என்பது மாணவருடைய ஆண்டு மட்டுமன்று. அது தந்தை கூடுதலாக வேலை பார்க்கும் ஆண்டு. தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடையில் இருக்கும் ஆண்டு. சில வீடுகளில் தங்கையின் கல்லூரிச் சேர்க்கை தள்ளிப்போகும் ஆண்டு. பெற்றோர் மனமுவந்து தருவதைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் தங்கையிடம் எவரும் கேட்பதில்லை. கேளாமல் எடுத்துக்கொள்ளப்படும் தியாகம் தியாகமாகாது. ஆகவே, மீண்டும் எழுதும் முடிவை வீட்டார் அனைவரும் அமர்ந்து, செலவைக் கணக்கிட்டு, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் சொல் கேட்டு எடுக்க வேண்டும் என்போம்.

இங்கு ஒரு மறுப்பு எழும். அதைப் புறக்கணிக்க இயலாது. ‘எல்லையை அறி, உள்ளதில் நிறைவு கொள்’ என்னும் அறிவுரை எப்போதும் ஏழையின் வாசலுக்கே வந்து சேர்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் எழுதலாம். அதை விடாமுயற்சி என்கிறோம். கூலித் தொழிலாளியின் மகள் இரண்டாம் முறை எழுத விரும்பினால் பேராசை என்கிறோம். ஒரே செயல், பணப்பையின் கனத்தைப் பொறுத்துப் பெயர் மாறுமானால், நாம் பேசுவது அறமன்று. மேல்நிலைத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அரியலூர் மாவட்டத்து ஏழை மாணவி ஒருவர் 2017 செப்டம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தமிழகம் மறக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அது நல்லதொரு தொடக்கம். ஆனால் படிக்க ஓராண்டு, படிக்க ஓர் இடம், படிப்பிக்க ஓர் ஆள் ஆகியவற்றை ஒதுக்கீடு தந்துவிடாது.

இதற்கு நம் விடை இதுவே: ஏழைப் பிள்ளையிடம் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை, அவள் சுமையில் பங்கேற்காத எவருக்கும் இல்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் நம் ஊர்களில் எத்தனை! அவற்றில் நான்கு விளக்குகளும் ஒரு மின்விசிறியும் பழைய வினாத்தாள்களும் வைத்தால் ஒரு படிப்பகம் உருவாகும். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் வாரம் இருமுறை வந்து அமர்ந்தால், பல இலட்சம் பெறுமான உதவி அது. அத்தகைய உதவியைச் செய்தபின் நாம் கூறும் அறிவுரையைப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு முன் கூறுவது வெறும் உபதேசம்.

எல்லையை முன்னரே வகுத்தல்

‘இவ்வளவுதான்’ என்னும் எல்லையைத் தோல்வியுற்ற நாளில் வகுக்க முடியாது. அன்று கண்ணீரே முடிவெடுக்கும். முயற்சி தொடங்கும் நாளிலேயே வகுக்க வேண்டும். இன்னும் ஒரு முறை, அல்லது இரண்டு முறை, இவ்வளவு பணம், அதன்பின் இன்ன படிப்பு என்று முன்னரே தீர்மானித்து எழுதிவைத்தல் நன்று. எல்லை வகுப்பது தோல்வியை அழைப்பதாகும் என்று சிலர் அஞ்சுவர். உண்மை நேர்மாறானது. ‘இதில்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்று எழுதுபவரின் கை நடுங்கும். ‘இதில்லாவிட்டாலும் நான் இருப்பேன், என் வாழ்வு இருக்கும்’ என்று எழுதுபவரின் கை உறுதியாக இருக்கும்.

இராசஸ்தானின் கோட்டா நகரத்தில் பல்லாயிரம் மாணவர் தங்கி இத்தகைய தேர்வுகளுக்குப் பயில்கின்றனர். 2023-இல் அங்கு இளம் உயிர்கள் அடுத்தடுத்து மாய்ந்தபோது, பயிற்சி நிலையங்களின் தேர்வுகளை இரு மாதங்கள் நிறுத்திவைக்குமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டியதாயிற்று. ஒரு தேர்வு மனிதரை அளக்கத் தொடங்கி, பின்பு மனிதருக்கே விலை வைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. மதிப்பெண் ஒரு நாளின், மூன்று மணி நேரத்தின் அளவு. மனிதரின் மாண்பு எவரும் வழங்கியதன்று. எனவே எந்தத் தேர்வும் அதைப் பறிக்க இயலாது. இதைப் பிள்ளைகள் நூலில் படித்து அறிவதில்லை. முடிவு வந்த மாலையில் தந்தை தட்டில் சோறு போட்டு, “வா, சாப்பிடு” என்று அழைக்கும் குரலில் அறிகிறார்கள். அந்தக் குரல் மட்டும் போதாது என்று தோன்றும் வேளையில், அரசின் 104 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்து ஆலோசனை பெறுவதில் நாணம் வேண்டா.

ஆகவே, மீண்டும் எழுதுவதா என்னும் வினாவுக்கு எல்லார்க்கும் பொதுவான ஒரு விடை இல்லை. நாடுவது பெயரையன்று, பணியையே என்றால். குறை எது என்று கண்டு, அது தீரும் என்று தெளிந்தால். வீட்டார் அறிந்து இசைந்தால். எல்லையும் வகுத்தாயிற்று என்றால், மீண்டும் எழுதுவது அறம். அவை இல்லாதபோது நிறுத்துவதும் அறமே. அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லலாகாது. எழுதித் தோற்றவரும், எழுதாமல் வேறு வழி சென்றவரும், தம்மைத் தாமே ஆராய்ந்து முடிவெடுத்திருப்பாரேயானால், தேர்வு கற்பிக்காத ஒன்றைக் கற்றுக்கொண்டவர் ஆகிறார்.

ஒருநாள் அம்மாணவி பல் மருத்துவராகி, வலியால் முகம் வீங்கிய ஒரு முதியவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, “கொஞ்சம் வாயைத் திறங்க, தாத்தா” என்பாள். அவள் எத்தனை முறை தேர்வெழுதினாள் என்று அவர் கேட்கமாட்டார். அவள் கை நடுங்காமல் இருக்கிறதா, அவள் தம் வலியை உணர்கிறாளா என்பதையே பார்ப்பார்.